பழைய எஸ்யூவி வாங்கப் போகிறீர்களா? முதலில் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள்

பாளையங்கோட்டையில் என் வீட்டு வாசலில் நிற்கும் வண்டி 2015 மாடல், டீசல், நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய எஸ்யூவி. பணத்தைக் கொடுத்துச் சாவியை வாங்கியது ஒரே நாளில் முடிந்தது. ஆர்.சி.யில், அதாவது பதிவுச் சான்றில், என் பெயர் ஏற நான்கு மாதம் பதினொரு நாள் ஆனது. அதுவரை நான் ஓட்டியது சட்டப்படி வேறொருவருடைய வண்டி. கயிறு தெறித்த கன்றுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு நடப்பவன்போல, யார்மீதும் உரசிவிடக்கூடாதே என்று பயந்து பயந்து ஓட்டினேன்.

மூன்று முதல் ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இப்படி ஒரு வண்டி வாங்க நினைக்கும் திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள் நான் பட்ட பாட்டைப் படவேண்டாம் என்பதற்காக, செய்யவேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

1. எந்த வண்டி, எந்த எரிபொருள்

மாதம் எவ்வளவு ஓட்டுவீர்கள் என்று முதலில் கணக்குப் போடுங்கள். பாளையங்கோட்டையிலிருந்து திருநெல்வேலி டவுனுக்குப் போய் வருவதுதான் அன்றாட ஓட்டம் என்றால் பெட்ரோலே போதும். வாரத்தில் நான்கு நாள் தென்காசி, நாகர்கோவில் என்று அலைபவருக்குத்தான் டீசல் கட்டுப்படியாகும். டீசல் என்று முடிவு செய்தால் 2020 ஏப்ரலுக்கு முன் பதிவான பிஎஸ்-4 (பழைய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த) வண்டிகளைப் பார்க்கலாம். அதற்குப் பின் வந்த பிஎஸ்-6 டீசலில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. ஊருக்குள்ளேயே மெதுவாக உருட்டினால் அது அடைத்துக்கொள்ளும்.

இந்த விலைக்குள் அதிகம் கண்ணில் படுபவை: 2012-இல் வந்த ரெனோ டஸ்டர், 2013-இல் வந்த ஃபோர்டு ஈகோஸ்போர்ட், 2015-இல் வந்த மஹிந்திரா டியூவி 300, 2016-இல் வந்த மாருதி விட்டாரா பிரெஸ்ஸா, 2017-இல் வந்த டாடா நெக்ஸான். இவற்றில் டஸ்டர் மட்டும் நான்கு மீட்டரைத் தாண்டும். டவுன் ரத வீதிகளை ஒட்டிய சந்துகளில் குடியிருப்பவர்கள் வாங்குமுன் வாசலை ஒருமுறை அளந்துவிடுங்கள். ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021-இல் அறிவித்தது. அதற்காக ஈகோஸ்போர்ட்டை ஒதுக்கவேண்டியதில்லை. பிரேக் பேட், பில்டர், புஷ் போன்ற தேய்மான உதிரிகளுக்குச் சிரமமில்லை. விளக்கு, பம்பர், மின்னணுப் பெட்டி ஆகியவை கிடைக்க எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வண்டியின் வயதையும் பாருங்கள். சொந்தப் பயன்பாட்டுக் காருக்குப் பதிவு 15 ஆண்டுக்குத்தான். பிறகு தகுதிச் சோதனை முடித்து ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கவேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து முதல் புதுப்பிப்புக்கு மத்திய அரசின் கட்டணமே 5,000 ரூபாய். பசுமை வரி தனி. 2011 மாடல் வண்டி ஒன்றரை லட்சத்துக்குக் கிடைக்கிறது என்று மகிழ்பவர்கள் இதையும் சேர்த்துக் கணக்குப் போடவேண்டும்.

2. கையில் எவ்வளவு இருக்கவேண்டும்

வண்டி விலையில் 15 சதவீதத்தைத் தனியாக எடுத்துவையுங்கள். நான் 3,90,000 ரூபாய்க்கு வாங்கினேன். முதல் மூன்று மாதத்தில் போன பணம்: டைமிங் பெல்ட், அதன் உருளைகள், கூலி சேர்த்து 14,500, இரண்டு டயர் 14,200, பேட்டரி 6,300, ஆயில், பில்டர்கள், கூலண்ட், பிரேக் ஆயில் 7,900, முன்பக்க லிங்க் ராடும் புஷ்களும் 5,600, ஏ.சி. வேலை 3,500. ஆக மொத்தம் 52,000. இதில் எதுவும் ஆடம்பரம் அல்ல. ஐந்து லட்சம் கையில் இருந்தால் நாலேகால் லட்சத்து வண்டியைத் தேடுங்கள்.

3. வண்டிக்கு முன் காகிதம்

நான் சறுக்கியது இங்கேதான். வண்டியைப் பார்க்கக் கிளம்புவதற்கு முன்பே விற்பவரிடம் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, மத்திய அரசின் பரிவாகன் தளத்திலோ எம்-பரிவாகன் செயலியிலோ போட்டுப் பாருங்கள். எண்ணைச் சொல்ல யோசிப்பவரிடம் போகவே வேண்டாம். திரையில் கவனிக்கவேண்டியவை: பதிவுத் தேதி, எத்தனையாவது உரிமையாளர், காப்பீடு எதுவரை, கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இன்னும் நிற்கிறதா. இ-செலான் தளத்தில் அபராத நிலுவை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடன் நிறுவனத்தின் பெயர் நின்றால் சற்று நிதானியுங்கள். “லோன் எல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது அண்ணாச்சி, பெயரை எடுப்பது ஒரு வாரத்து வேலை” என்று தரகர் என்னிடம் சொன்னார். கடன் முடிந்தது உண்மைதான். ஆனால் கடன் முடிந்தால் ஆர்.சி.யில் அந்தப் பெயர் தானாக மறைந்துவிடாது. கடன் கொடுத்தவர் தடையில்லாச் சான்றும், கையெழுத்திட்ட படிவம் 35-உம் தரவேண்டும். அவற்றை வைத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நீக்கவேண்டும். அந்தச் சான்று பெரும்பாலும் மூன்று மாதத்துக்குத்தான் செல்லும். எனக்கு விற்ற பெரியவர் 2019-இல் வாங்கிய சான்றைப் பீரோவிலேயே வைத்திருந்தார். புதுச் சான்று கேட்டு எழுதி அது வந்தபோது வண்டியின் உடலில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணில் ஓர் இலக்கம் பிசகியிருந்தது. திருத்தி வந்தபோது பெரியவர் கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குப் போயிருந்தார். நான்கு மாதம் இப்படித்தான் கரைந்தது.

ஆகவே என் விதி: ஆர்.சி.யில் கடன் பெயர் நீங்கிய பிறகே முன்பணத்துக்கு மேல் ஒரு ரூபாய்.

பிற மாநில வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. புளியரை வழியாகக் கேரள வண்டிகள் வருகின்றன. டெல்லியில் பழைய டீசல் வண்டிகளுக்கு இருக்கும் கெடுபிடியால் அங்கிருந்தும் மலிவு விலையில் வந்து இறங்குகின்றன. அந்த மாநிலத்துத் தடையில்லாச் சான்று, இங்கே வாழ்நாள் வரி, புது எண் என்று எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மலிவு காணாமல் போய்விடும். முதல் தடவை வாங்குபவர்கள் டி.என். 72 திருநெல்வேலி, டி.என். 76 தென்காசி, டி.என். 69 தூத்துக்குடி, டி.என். 74 நாகர்கோவில் என்று அக்கம்பக்கத்திலேயே தேடுங்கள்.

4. வெள்ளத்தில் நின்ற வண்டியா?

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் நிலையத்துக்குள் வந்து நின்றது. அன்று தண்ணீரில் மூழ்கிய வண்டிகளில் பல துடைத்து மெருகேற்றப்பட்டு மறுபடி விற்பனைக்கு வந்துவிட்டன. வெளியில் பார்த்தால் எதுவும் தெரியாது.

நான் இரண்டாவதாகப் பார்த்த வண்டி அப்படிப்பட்டது. புதுக் கருக்காகப் பளபளத்தது. கூட வந்த மெக்கானிக், வயதில் மூத்தவர், பானட்டைத் திறக்கவே இல்லை. ஓட்டுநர் இருக்கையின் சீட் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். கடைசி ஒரு முழம் வெளியே வந்தபோது துணியின் நிறம் மாறியது; குறுக்கே கோடு போட்டதுபோல் மஞ்சள் பழுப்பு. “தம்பி, ஸ்டெப்னியை எடுங்கள்” என்றார். டயரைத் தூக்கினேன். குழியின் மூலையில் நெய்போல் மெல்லிய வண்டல் காய்ந்து வெடித்திருந்தது. அதில் சுண்டுவிரல் நகம் அளவு ஓர் ஆற்று நத்தையின் ஓடு. விற்பவர் அதைப் பார்த்துவிட்டு, “குளிக்கப் பாபநாசம் போயிருந்தோம்” என்றார். நத்தையும் கூடவே குளிக்கப் போயிருக்கும்போல.

நீங்கள் பார்க்கவேண்டியவை இவை: எல்லா சீட் பெல்ட்டுகளையும் முழுக்க இழுத்துப் பாருங்கள். முன் இருக்கைகளுக்குக் கீழே உள்ள தண்டவாளத்திலும் போல்ட்டுகளிலும் துரு இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சை விரலால் அழுத்துங்கள். ஈரமோ மக்கிய வாசனையோ இருந்தால் அங்கேயே விடைபெறுங்கள். வாசனைத் திரவியம் மூக்கைத் துளைக்கும் வண்டியிடம் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். எல்லாக் கண்ணாடிகளையும் நான்கு முறை ஏற்றி இறக்குங்கள்.

மெக்கானிக் வேண்டாத சோதனை ஒன்றும் உண்டு. 2023, 2024 காப்பீட்டுத் தாள்கள் இரண்டையும் கேளுங்கள். இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் போனஸ் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரே உரிமையாளரின் பெயரில் முந்தைய தாளில் 45 இருந்து அடுத்த தாளில் சுழியம் என்றால் பெரும்பாலும் இடையில் இழப்பீடு வாங்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எதற்காக வாங்கினார்கள் என்று நேருக்கு நேர் கேளுங்கள். விபத்தோ வெள்ளமோ, பதில் சொல்லும் முகத்திலேயே பாதி தெரிந்துவிடும். சென்னைப் பதிவு வண்டி என்றால் 2015, 2023 டிசம்பர்களை அடுத்து வந்த தாள்களையும் இதே கண்ணோடு பாருங்கள்.

5. குளிர்ந்த எஞ்சின், கரடுமுரடான சாலை

காலையிலேயே போங்கள். “நான் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்யவேண்டாம்” என்று முந்தைய நாளே சொல்லிவையுங்கள். போனதும் பானட்டின்மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள். ஸ்டார்ட் செய்தவுடன் புகையைப் பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நெடுநேரம் நிற்காமல் வந்தால் கூலண்ட் உள்ளே கசியலாம். டீசலில் மிதித்தவுடன் கொஞ்சம் கருப்பு வருவதைப் பெரிதாக எடுக்கவேண்டாம்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் ஆழமாக இருந்தாலும் ஆறு ஆண்டு தாண்டிய டயரை மாற்றும் செலவோடுதான் கணக்கிடவேண்டும். நம்மூர் வெயிலில் ரப்பர் சீக்கிரமே வெடிக்கும்.

ஓட்டிப் பார்ப்பதை நான்குவழிச் சாலையோடு முடித்துக்கொள்ளாதீர்கள். அங்கே எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். குண்டும் குழியுமான ஊர்ச் சாலையில், ஏ.சி.யை அணைத்து, கண்ணாடியை இறக்கி, இரண்டாவது கியரில் போங்கள். முன்பக்கம் ‘டொக் டொக்’ என்றால் லிங்க் ராடு அல்லது புஷ். இது சில ஆயிரத்தில் முடியும். ஏற்றத்தில் எஞ்சின் சத்தம் ஏறியும் வண்டி ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. இதற்கு விலையில் 15,000 ரூபாயாவது குறைக்கச் சொல்லுங்கள்.

ஓடோமீட்டரை நம்பவே நம்பாதீர்கள். பத்து வயது டீசல் வண்டி 48,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்பார்கள். பிரேக் பெடல் ரப்பரும் ஸ்டியரிங்கின் தோலும் தேய்ந்து வழவழவென்று இருக்கும். சர்வீஸ் ரசீதுகளில் எழுதியுள்ள கிலோமீட்டரை வரிசையாகப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

6. பேரமும் பணமும்

ஆடி மாதத்தில் வண்டி வாங்க நம் மக்கள் தயங்குவார்கள். பேரத்துக்கு அதைவிட நல்ல மாதம் இல்லை. ஆடியில் பேசி முன்பணம் கொடுத்துவிட்டு ஆவணி முதல் வாரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டால் வீட்டுப் பெரியவர்களுக்கும் மனக்குறை இருக்காது. ஆயுத பூஜை நெருங்கினால் விலை இறங்காது.

முன்பணம் 10,000 ரூபாய் போதும். அதையும் வங்கி வழியாகவே அனுப்புங்கள். வெள்ளைத் தாளில் பதிவு எண், சேசிஸ் எண், மொத்த விலை, பெயர் மாற்றத்துக்கு யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். வண்டியை எடுக்கும் நாளின் தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள். அந்த நேரத்துக்கு முந்திய அபராதங்கள் அவருடையவை, பிந்தியவை உங்களுடையவை.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வெறும் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு பல மாதம் ஓட்டும் பழக்கம் நம்மூரில் உண்டு. விற்றவர் காலமாகிவிட்டால் அந்தத் தாள்கள் செல்லாக்காசு. வாரிசுகளின் பின்னால் அலையவேண்டும்.

7. பெயர் மாற்றம்

ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்கவேண்டும் என்பது சட்டம். பரிவாகன் தளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தி, தாள்களை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கொடுக்கவேண்டும். அரசுக் கட்டணம் சில நூறு ரூபாயில் அடங்கும். தரகர் கேட்பது ஆயிரங்களில்.

கோப்பில் இருக்கவேண்டியவை: படிவம் 29 இரண்டு பிரதிகள், படிவம் 30, அசல் ஆர்.சி., நடப்பிலுள்ள காப்பீடு, புகைச் சான்று, உங்கள் முகவரிச் சான்று, பான் அட்டை, இருவரின் ஆதார் நகல். ஒவ்வொன்றிலும் இரண்டு நகல் கூடுதலாக எடுத்துப் போங்கள். விற்பவரின் கைப்பேசிக்கு ஓடிபி போகும் என்பதால் விண்ணப்பிக்கும் நேரத்தில் அவர் பக்கத்தில் இருப்பது நல்லது. நான் கோயம்புத்தூருக்கு அழைத்து அழைத்து, அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து எண்ணைப் படிப்பதற்குள் நேரம் கடந்துபோய், மூன்று முறை மறுபடி அனுப்பினேன். புதிய ஆர்.சி. அஞ்சலில் வீட்டுக்கு வரும். கதவு எண்ணில் பிழை இருந்தால் அது திரும்பிப் போய்விடும், கவனம்.

காப்பீட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்தில் விண்ணப்பித்துப் பெயரை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்குப் பணம் கிடைக்காது. விற்றவரின் போனஸ் அவரோடு போய்விடும். அந்த வித்தியாசத்தை உங்களிடம் கேட்பார்கள், அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. அவருடைய ஃபாஸ்டேக்கை மூடச் சொல்லிவிட்டு உங்கள் பெயரில் புதிதாக வாங்குங்கள். இல்லாவிட்டால் நீங்கள் நாங்குநேரி சுங்கச்சாவடியைத் தாண்டும்போதெல்லாம் அவர் கணக்கில் பணம் போகும், உடனே உங்களுக்குத் தொலைபேசி வரும்.

8. வாங்கியவுடன் மாற்றவேண்டியவை

டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால், மாற்றியதற்கு ரசீது இல்லாதவரை மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது அறுந்தால் வால்வுகளும் பிஸ்டனும் மோதி எஞ்சினைப் பிரிக்கவேண்டிவரும். டஸ்டர் டீசலில் பெல்ட் உண்டு. பிரெஸ்ஸா டீசலில் சங்கிலி, அந்தக் கவலை இல்லை. எஞ்சின் ஆயில், பில்டர்கள், கூலண்ட், பிரேக் ஆயில் அனைத்தையும் ஒரே நாளில் மாற்றி, அந்தத் தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். கூலண்டுக்குப் பதில் குழாய்த் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் ரேடியேட்டரை உள்ளிருந்து அரித்துவிடும்.

9. வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக்கூடியவை

ஏர் பில்டர், ஏ.சி. பில்டர், வைப்பர், பேட்டரி, பல்பு ஆகியவற்றை நீங்களே மாற்றலாம். வண்டியின் கண்டறியும் முனையில் செருகிக் கைப்பேசியில் பிழைக் குறியீடுகளைப் படிக்கும் சிறிய ஸ்கேனர் ஒன்று வாங்கிவையுங்கள்; ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். எச்சரிக்கை விளக்கு எரிந்தவுடன் ஒர்க்‌ஷாப்புக்கு ஓடுவதற்கு முன் காரணம் தெரிந்திருந்தால் கூலி பேசும்போது தைரியம் வரும். ஆயிலையும் வீட்டிலேயே மாற்ற ஆசைப்பட்டால் ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள். தாங்கிகள் இரண்டு வேண்டும், தளம் சிமென்டாக இருக்கவேண்டும்.

திசையன்விளைப் பக்கம் தேரிக்காட்டை ஒட்டி ஓட்டுபவர்கள் ஏர் பில்டரைக் கையேட்டில் சொன்ன தூரத்தில் பாதிக்கே திறந்து பாருங்கள். அந்தச் செம்மண் மாவைவிட மெல்லியது. உவரிக்கோ திருச்செந்தூருக்கோ போய்வந்தால் மறுநாளே வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். உப்புக்காற்று முதலில் தின்பது சைலன்சர் கிளாம்பையும் கதவின் கீழ் விளிம்பையும். கதவின் அடியில் தண்ணீர் வடியச் சிறிய துளைகள் இருக்கும். அவற்றைத் தீக்குச்சியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

எலியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கமுடியாது. வயலை ஒட்டிய வீடு என்றால் அறுவடை முடிந்த வாரத்தில் எலிகள் பானட்டுக்குள் குடியேறும். அந்துருண்டை, புகையிலை என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். புகையிலைக் கட்டின் மேலேயே கூடு கட்டிவைத்திருந்தது. ஒயரிங்கைச் சரிசெய்ய 4,200 ரூபாய் கொடுத்த பிறகு, இரும்புக்கடையில் வாங்கிய சன்னக் கம்பிவலையை எஞ்சினுக்கு அடியிலும் ஒயர்க் கற்றையைச் சுற்றியும் கட்டினேன். விசிறி, பெல்ட் எதிலும் படாமல் கட்டவேண்டும். இரவில் பானட்டைத் திறந்தே வைக்கிறேன். வெளிச்சமும் காற்றும் பட்டால் எலி தங்குவதில்லை. காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பானட்டைத் தட்டிவிட்டு மூடுகிறேன். எப்போதாவது எலிக்குப் பதில் பக்கத்து வீட்டுப் பூனை குதித்து ஓடும்.